எல்லாம் வாய்வு இல்லை

நம் பக்கத்தில் வயிற்றில் எது வந்தாலும் ஒரே பெயர்தான்: வாய்வு. ஏப்பம், உப்புசம், பேதி, மலச்சிக்கல் எல்லாம் அதில் அடக்கம். கடையில் ஒரு கேஸ் மாத்திரை, வீட்டில் ஓமத் தண்ணீர், அதோடு சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதலில், நாம் போடும் மாத்திரை. பெரும்பாலோருக்குத் தரப்படும் மெட்பார்மின் பற்றி 1957-இல் எழுதியவர் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் வைத்த பெயர் குளுக்கோபாஜ், அதாவது 'சர்க்கரை தின்னி'. விலை குறைந்த, நல்ல மருந்து. ஆனால் சிலருக்குக் குமட்டும், வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் தொல்லை குறையும். கம்பெனி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மெதுவாகக் கரையும் மாத்திரை தருவார்.

அடுத்தது நரம்பு. பல வருஷச் சர்க்கரை பாதத்தை மரத்துப்போகச் செய்வது எல்லோருக்கும் தெரியும். இரைப்பையை இயக்கும் நரம்பையும் அது கெடுக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். பல மணி நேரம் கழித்து வாந்தியில் சோறு அப்படியே வரும். இன்சுலின் போடுகிறவருக்கு இது ஆபத்து. மருந்து வேலையைத் தொடங்கிவிடும், சோறு வயிற்றை விட்டு இறங்கியிருக்காது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். இவர்களுக்கு எண்ணெய்ப் புரோட்டாவும் காராச்சேவும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவதே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். மேல் வயிற்றில் எரிச்சல், வியர்வை, மூச்சிரைப்பு சேர்ந்து வந்தால் சோடா வாங்கிக் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம். மாத்திரை கொடுக்கும்போது, "வயிறு எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். பேதி, மலச்சிக்கலைப் பற்றிப் பேச, முக்கியமாக நம் வீட்டுப் பெண்கள், கூச்சப்படுகிறார்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.