இரண்டாவது தொலைகாட்டி

கல்லூரியின் விழாவை ஒட்டிப் பழைய மாணவர் சார்பில் தொலைகாட்டியொன்று வாங்கி அளித்தல் தகும் என்று அன்பர் சிலர் கூறிவருகின்றனர். எண்ணம் போற்றற்குரியது. ஆனால் எட்டங்குல ஆடித் தொலைகாட்டி ஒன்று விஞ்ஞானகூடத்தில் முன்னரே இருக்க, அதனினும் பெரிதாய்ப் பத்தங்குலக் கருவி வேண்டும் என்று அவர்கள் கூறுமிடத்தேதான் யான் அவர்களோடு மாறுபடுகின்றேன். இரண்டாவது கருவி முதலாவதினும் சிறிதாயிருத்தல் வேண்டும். ஒருவர் தூக்கிச் செல்லத்தக்கதாயிருத்தல் வேண்டும். கணினியால் இயங்குவதாயும் இருத்தல் வேண்டும் என்பதே என் துணிபு.

இவ்வெண்ணம் நூல்களைப் படித்து வந்ததன்று. என்னிடமும் எட்டங்குல டொப்சன் வகைக் கருவியொன்று உண்டு. சித்தாண்டியில் என் வீட்டு முற்றத்தில் அதற்கு நிகரில்லை. குழலும் அடித்தளமும் சேர்ந்து ஏறத்தாழ 25 கிலோகிராம். ஒருமுறை அதனை முச்சக்கர வண்டியில் ஏற்றி, ஈரளக்குளப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கோளின் வளையத்தைக் காட்டச் சென்றேன். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றனர். ஒரு பிள்ளை பார்த்து விலகி, அடுத்த பிள்ளை குனிந்து கண்ணை வைப்பதற்குள் சனி பார்வையை விட்டு நகர்ந்துவிடும். யான் மீண்டும் மண்ணில் முழந்தாளிட்டுக் குழலைத் திருப்புவேன். பாதிப் பேர் பார்த்து முடிவதற்குள் என் முதுகும் அவர்தம் பொறுமையும் தளர்ந்தன. கடைசியில் நின்றவர்களுட் சிலர் வெறும் இருளையே கண்டு, "கண்டோம், சேர்" என்று மரியாதைக்காகச் சொல்லிச் சென்றார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது.

நிகழ்ந்தது யாதெனின், பூமியின் சுழற்சியால் வானம் மணிக்குப் 15 பாகை நகர்கின்றது. நூறு மடங்கு உருப்பெருக்கத்திற் பார்வைக்கு அகப்படும் வானம் ஏறத்தாழ அரைப் பாகையே. ஆகவே, நடுவில் நிறுத்திய கோள் ஒரு நிமிடத்தில் விளிம்பை எட்டிவிடும். கணினித் தொலைகாட்டி அந்நகர்ச்சியைத் தன் இரு மோட்டர்களால் ஈடுசெய்து, பொருளைப் பார்வைக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கின்றது. விளம்பரஞ் செய்வோர் ஆயிரக்கணக்கான பொருள்களை அது தானே தேடித்தரும் என்பதையே பெரிதாகப் பேசுவர். எனக்கு அது பெரிதன்று. நாற்பதாவது பிள்ளையும் முதற் பிள்ளை கண்டதையே காணும் என்பதே பெரிது.

கணினி வந்தால் மாணாக்கர் வானத்தைக் கற்கமாட்டார் என்று வாதிப்போர் உளர். இதில் உண்மை இல்லாமலில்லை. அதனாலேயே முதற்கருவி கணினியற்றதாய் இருத்தல் நன்றென்று யானும் கூறுவேன். ஆயினும் இக்கருவிக்குத் தொடக்கத்தில் இரு விண்மீன்களையேனும் நாம் காட்டிக்கொடுத்தல் வேண்டும். வைகாசி மாத முன்னிரவில் மேற்கே மகமும் கிழக்கே கேட்டையும் இதற்கு ஏற்றவை. கருவியோ அவற்றை ரெகுலஸ், அன்டாரிஸ் என்று அழைக்கும். பஞ்சாங்கத்தில் நாள்தோறும் காணும் பெயரை வானத்தில் ஒரு புள்ளியோடும், அப்புள்ளியை வேற்றுமொழிப் பெயரோடும் பொருத்திப் பார்க்கும் மாணாக்கன் ஒன்றுங் கற்கவில்லை என்று யார் சொல்வார்? விண்மீனைத் தவறாகக் காட்டினால் கருவியும் தவறாகவே செல்லும். அதுவும் ஒரு பாடந்தான்.

நம் அகலக்கோட்டையும் கருதல் வேண்டும். சித்தாண்டி வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அவ்வளவே எழும். பெரும்பாலும் தென்னைகளுக்கும் மூடுபனிக்கும் பின்னால் மறைந்தே கிடக்கும். துருவத்தை நோக்கி அச்சைச் சாய்த்து நிறுத்த வேண்டிய தாங்கிகள் இங்குத் தொல்லை தருவன. குளிர்நாட்டாருக்கெனச் செய்யப்பட்ட பல தாங்கிகள் அத்துணைத் தாழ்வாகச் சாய்வதுமில்லை. மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அசையும் கணினித் தாங்கிக்கோ துருவம் வேண்டுவதில்லை. அது நெடுநேரப் படம் எடுக்க உதவாது என்பது மெய்யே. நமக்கு வேண்டுவது படமன்று.

அகலக்கோடு தரும் பேறும் உண்டு. இலண்டனில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டோரி என்னும் விண்மீன் திரள், வைகாசிக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் நம் தெற்கே ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் நிற்கும். பல இலட்சம் விண்மீன்கள் சேர்ந்த அத்திரளை ஐந்தங்குலக் கருவி பொடிதூவினாற்போலக் காட்டும்.

எதனை வாங்குவது? செலெஸ்ட்ரன் நிறுவனத்தின் நெக்ஸ்டார் 8 எஸ்.ஈ. பலரும் புகழும் எட்டங்குலக் கருவி. ஆனால் நிறை 15 கிலோகிராம் அளவு. 127 மில்லிமீற்றர் மக்சுட்டோவ் குழலை ஸ்கைவோச்சரின் ஏ.இஸட்-ஜி.டி.ஐ. தாங்கியில் ஏற்றிய கருவியையே யான் தெரிவேன். எட்டங்குலக் கருவி அதனினும் இரண்டரை மடங்கு ஒளி திரட்டும், அதனை மறுக்கவில்லை. எனினும் சந்திரனுக்கும் வியாழனின் நிலவுகளுக்கும் சனியின் வளையத்துக்கும் ஐந்தங்குலம் போதும். மோட்டர் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு மாணாக்கன் அதனை மடியில் வைத்துச் செல்லலாம். இத்தாங்கியைக் கையாலும் திருப்பலாம். குழலைக் கழற்றி வேறு தாங்கியிற் பூட்டலாம். மின்பகுதி பழுதுற்றால் மட்டக்களப்பில் அதனைத் திருத்துவார் அரியர். குழலும் தாங்கியும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்த கருவியாயின் அன்றோடு அலுமாரிக்குப் போகும்.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 போன்ற சிறு கருவிகளுக்குப் பார்வைத்துண்டே இல்லை; அவை கைப்பேசியிற் படமாகவே காட்டும். நகர வெளிச்சத்திலும் நெபுலாக்களை அவை அழகாகக் காட்டுகின்றன; ஒரு வகுப்பே ஒருங்கு பார்க்கலாம். ஆயினும் கைப்பேசியிற் சனியைப் பிள்ளைகள் முன்னரே பார்த்துவிட்டனர். சனியிலிருந்து புறப்பட்ட ஒளி தன் கண்ணிலேயே விழுவது வேறு.

பெரிய கருவியை வேண்டுவோர் மோல்ஸ்வேர்த்தை எடுத்துக்காட்டக்கூடும். நம் கீழ்க்கரையிலேயே, திருகோணமலையில் இராணுவ அலுவலராயிருந்த பேர்சி மோல்ஸ்வேர்த் பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைகாட்டி கொண்டு வியாழனை ஆராய்ந்து, 1901இல் அக்கோளின் தென்பகுதியில் தோன்றிய பெருங்குழப்பத்தைக் கண்டறிந்தார். செவ்வாயின் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது. பெருமைதான். ஆனால் அவர் தாமே, தம் இடத்தில், இரவிரவாகப் பார்த்தவர். நாமோ பலருக்குக் காட்ட விழைகின்றோம்.

பராமரிப்புப் பற்றிச் சில. வாவிக்காற்றின் உப்பு திறந்த குழலின் ஆடிப்பூச்சை அரிக்கும். மக்சுட்டோவ் முன்புறம் மூடியதாதலின் இவ்வகையிற் காவலுடையது. அதன் கனத்த வில்லை குளிர நேரமாகும் என்று மேனாட்டார் குறைகூறுவர். இரவிலும் வெப்பம் பெரிதுங் குறையாத நம்மூரில் அக்குறை அத்துணைப் பெரிதன்று. பூஞ்சணமே நம் பகை. வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, கருவி சிலிக்காக் களியுடன் இறுக மூடிய பெட்டியில் இருத்தல் வேண்டும். பனி படியாதிருக்க வில்லையின் முன் ஒரு காகித அட்டைக் குழாய் போதும். சிறு பற்றரிகள் விரைவில் தீர்ந்துவிடும்; பன்னிரண்டு வோல்ற்று மின்கலமொன்று உடன்வேண்டும். கைக்கருவியில் திகதியை இடும்போது அமெரிக்கர் வழக்கப்படி மாதம் முன்னும் நாள் பின்னும் வருதலைக் கவனியாதவன், கருவி கெட்டதென்று ஓரிரவை இழப்பான். யான் இழந்தேன்.

இன்னுமொன்று. கருவி வந்தபின் திறப்பு யாரிடம் இருக்கும்? அதிபரின் மேசைக்குள் இருக்குமாயின் வாங்காதிருத்தலே நலம். விஞ்ஞான மன்றத்து மாணாக்கர் இருவரும் ஆசிரியர் ஒருவரும் பொறுப்பேற்று, கச்சான் வீசும் தெளிந்த மாதங்களில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாதமொரு பாடசாலைக்கு அதனை எடுத்துச் செல்ல இசைதல் வேண்டும். செயற்குழுவினர் இதனை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்வார்களாயின் நன்று. சித்திரைக்குள் கருவி வந்து சேருமாயின், ஒமேகா சென்டோரி தெற்கே நிற்கும் வைகாசியிலேயே ஈரளக்குளத்துக்கு மீண்டும் செல்லலாம். அன்று வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைகளை இம்முறை முன்னே நிறுத்துவேன்.