செப்புக் காசின் விலை

நாணயம் திரட்டுவோர் பலர் பொன்னையும் வெள்ளியையுமே நாடுவர். களிம்பேறிய பாண்டியர் செப்புக் காசுகளைப் பொருட்படுத்துவார் சிலரே. ஆயினும் வருங்காலத்தில் விலையேறுதற்குரியவை அவையே என்று அத்துறையிற் பழகினோர் சிலர் கூறுகின்றனர். யாமும் அங்ஙனமே கருதுகின்றோம். அவ்வேற்றத்தைத் தருவது எழுத்தறிவு என்பது எம் துணிபு.

1888-ஆம் ஆண்டிலேயே லோவந்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப்பற்றித் தனி நூல் எழுதினார். அதற்குப்பின் ஏறக்குறைய நூறாண்டு கழித்தே, சதுரச் செப்புக் காசொன்றிற் குதிரையுருவின் மேலே தமிழ்ப் பிராமியிற் 'பெருவழுதி' என்றிருத்தலை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்தறிவித்தார். அன்றே அஃது அரும்பொருளாயிற்று. செம்பின் எடை கூடவில்லை!

இராசராசன் பெயர் பொறித்த காசுகளோ தமிழகத்திலும் ஈழத்திலும் மிகுதி; அவற்றைப் பூட்டிவைத்துக் காத்திருப்பது வீண்.

யாம் வருந்துவது பிறிதொன்று. காசு எந்த ஆற்றுமணலிற் கிடைத்ததென வாங்குவார் வினவுவதில்லை. விற்பாரும் பளபளப்பே விலைதருமென எண்ணிப் புளியிட்டுத் துலக்குகின்றனர். சென்ற விடுமுறையில் மதுரையில் யாம் வாங்கிய சதுரக் காசும் அவ்வாறு துலக்கப்பட்டதே. குதிரையின் கால்கள் தெளிவாய்த் தெரிகின்றன. எழுத்து நிற்றற்குரிய மேலிடமோ வழவழப்பாயிருக்கின்றது.