சிலைக்கு முன்னால் ஒரு மைதானம்

ஆல்பர்ட் எக்காவை ராணுவத்தில் சேர்த்தது ஹாக்கி. ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் உள்ள ஜாரி அவருடைய கிராமம். தமிழுக்கு உறவுமொழியான குருக் பேசும் ஒராவன் பழங்குடியில் பிறந்தவர். காட்டில் வேட்டையும் பொட்டலில் ஹாக்கியுமாக வளர்ந்தார். மாவட்டப் போட்டி ஒன்றில் அவர் ஆடியதைக் கவனித்த பீகார் ரெஜிமென்ட் அதிகாரி அவரைப் படைக்கு அழைத்துக்கொண்டார். அது 1962 டிசம்பர். எக்காவுக்கு அப்போது 20 வயது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டி, அகர்தலாவுக்கு மேற்கே கங்காசாகரில் பாகிஸ்தான் படையின் அரண்களைத் தாக்கிய 14-வது கார்ட்ஸ் பட்டாலியனில் அவர் லான்ஸ் நாயக். பதுங்குகுழி ஒன்றிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டுத்தள்ளியபோது, அதற்குள் பாய்ந்து பயனெட்டால் அதை அடக்கினார். அதில் பலத்த காயம். ஆனாலும் திரும்பவில்லை. சற்று தூரத்தில் மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து இன்னொரு துப்பாக்கி சீறியது. தவழ்ந்து போய்க் கையெறி குண்டு வீசினார். பின்பு பக்கச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, அதையும் அடக்கினார். சுவர் ஏறிய அந்த உடம்பு அதற்குமேல் தாங்கவில்லை. 29-வது பிறந்தநாளுக்கு மூன்றே வாரம் இருந்தது. அந்தப் போரின் கிழக்கு முனையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

நாடு அவரை மறந்துவிடவில்லை. ராஞ்சியில் ஒரு சாலைச் சந்திப்பு, அகர்தலாவில் ஒரு பூங்கா, 2000-இல் தபால்தலை, 2023-இல் அந்தமானில் ஒரு தீவு என்று பெயர் சூட்டிக்கொண்டே இருக்கிறோம். இவற்றில் அவருக்கு மிகவும் பொருத்தமானது எது என்று கேட்டால், கும்லாவில் அவர் பெயரில் இருக்கும் ஸ்டேடியத்தைத்தான் சொல்வோம். மற்ற இடங்களில் எல்லாம் சிப்பாய் எக்கா இருக்கிறார். விளையாட்டுக்காரர் எக்காவுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் படப்பையை நினைத்துத்தான் இந்தக் கதையை இங்கே சொல்கிறோம். ஒரகடம் தொழிற்சாலைகளுக்காக ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்தப் பக்கமெல்லாம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். எக்காவின் சீமைப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளில் பட்டாளக் கனவோடு இருப்பவர்கள், ஷிப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் போகிற சாலையோரத்தில் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார்கள். ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண்.

இதே வட்டாரத்தில் கார்களுக்கும் பைக்குகளுக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கவும் தனித் தடம் போட்டிருக்கிறார்கள். இரண்டும் தேவைதான். அவற்றை ஒட்டிய ஊர்களில் பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவதுதான் உறுத்துகிறது. அவர்களுக்கும் ஓட ஒரு மைதானம் வேண்டும்.

மைதானம் கேட்பது இன்னும் நாலு பேரைப் பட்டாளத்துக்கு அனுப்பவா என்று சிலர் கேட்கலாம். அதற்கு நேர்மாறான காரணத்துக்காகவே கேட்கிறோம். புதுக்கோட்டை லட்சுமணன் 2017 ஆசிய தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது ராணுவ வீரர். ஆசிய விளையாட்டுகளில் பதக்கங்கள் வென்ற லால்குடி ஆரோக்கிய ராஜீவும் ராணுவத்தில் சேர்ந்தவர்தான். கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல ஷூவும் வயிறாரச் சாப்பாடும் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் கிடைக்கும் வாசல் பல நேரம் ராணுவம் ஒன்றே. ராணுவத்துக்கு அது பெருமை, மற்றவர்களான நமக்குக் குறை. விளையாட ஆசைப்படுகிறவன் துப்பாக்கி ஏந்தியே தீர வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. நாட்டுக்காகப் போகிறேன் என்று விரும்பிப் போகிறவன் போகட்டும். வேறு வழியில்லாமல் ஒருவனும் போக வேண்டாம்.

அந்த மைதானத்தையே வீரர்களின் நினைவாகவும் ஆக்கலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட் டில்மன் கோடிகளில் வந்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்று 2002-இல் படையில் சேர்ந்து, 2004 ஏப்ரல் 22-இல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரி சுட்டான் என்றது ராணுவம். சொந்தப் படையின் குண்டு என்ற உண்மை பிறகே வெளிவந்தது. அவர் பெயரால் அரிசோனாவில் ஆண்டுதோறும் மக்கள் 4.2 மைல் ஓடுகிறார்கள். கல்லூரி அணியில் அவருடைய ஜெர்சி எண் 42. விளையாட்டுக்காரனை நினைக்க விளையாட்டையே அவர்கள் வழியாக்கிக்கொண்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. செத்த விதத்தோடு வாழ்ந்த விதத்தையும் கல்லில் பதித்த மரபு நம்முடையது. இன்றைக்கோ ஃபிளெக்ஸ் பேனர் கிழியும்வரைதான் நினைவு. 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர்விட்ட தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனைத் தமிழகம் முழுக்க வீட்டுக்கு வீடு பேசியது 2024-இல் ‘அமரன்’ படம் வந்த பிறகுதான். படம் எடுக்கப்படாத வீரர்கள் எத்தனையோ பேர்.

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது, முன்னாள் படைவீரர்கள், போரில் கணவரை இழந்தவர்கள், அவர்களைச் சார்ந்தோரின் நலனும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துச் செய்ய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. 400 மீட்டர் மண் தடம் ஒன்று போதும். அதில் நான்கு சுற்று ஓடினால் அந்த 1.6 கிலோமீட்டர் வந்துவிடும். கூடவே குடிநீர், விளக்கு, பெண்பிள்ளைகளும் பயமில்லாமல் வந்து ஓடப் பாதுகாப்பு, சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளர். இடத்தை அரசும் ஊராட்சியும் ஒதுக்கட்டும், செலவை நிறுவனங்கள் ஏற்கட்டும். வாசலில் இந்த மாவட்டத்தில் உயிர்நீத்த வீரர் ஒருவரின் பெயரை வையுங்கள். பிறந்த நாள், இறந்த நாள், பெற்ற விருதோடு, அவர் என்ன விளையாடினார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.