கணக்குத் தாளின் மறுபுறம்
இரும்பை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

இரும்பையில் வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், மாகாளேசுவரர் கோயில் குளக்கரையில் என்னோடு ஓடித் திரிந்து இன்று பேரன் பேத்தி கண்டிருக்கும் தோழர்களுக்கும், பாரிஸ் நகரின் வடக்குப் புறநகரிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

சென்ற பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது, உறவினர் வீட்டுத் திண்ணையில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருபுறம் அச்சான தாள்களாக இருந்தபடியால் இவை ஏது என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப் போனவற்றைக் கட்டாகக் கொடுப்பார்கள் என்றான். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். சற்றே சாய்ந்து, மை அதிகமாகிக் கறுத்து, எனக்குச் சிறு வயதில் கூழ் ஊற்றிக் கொடுத்த அத்தை ஒருவரின் முகம் அதில் இருந்தது. முகத்தருகே பிறந்த தேதி, அடியில் கணவர் பெயரும் கதவு எண்ணும், எல்லாவற்றுக்கும் நடுவே ஆதாரின் பன்னிரண்டு இலக்கம். சிறுவன் அழுத்தி எழுதியிருந்த ஏழெட்டு ஐம்பத்தாறு அந்த இலக்கங்களின்மேல் மறுபுறத்திலிருந்து நிழலாகத் தெரிந்தது.

தாளை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "போனா போவுதுப்பா, ஒளிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்குது?" என்று சொல்லி, அதை அடுப்படியில் செருகி வைத்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு அன்றே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மடல்தான் அந்த விடை.

ஒருவர் வீட்டு விஷயம் மற்றவருக்குத் தெரியாமல் நம் ஊரில் எதுவும் நடப்பதில்லை என்பதையும், யார் வீட்டில் நகை அடகுக்குப் போயிற்று, யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் தெருமுனை வரை வந்துவிடும் என்பதையும் நானும் அறிவேன். ஆனால் அப்படி நம்மை அறிந்தவர்களே நம் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பவர்கள், அத்துமீறிப் பேசினால் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்கத்தக்கவர்கள். கல்யாண மண்டபத்திலும், லாட்ஜிலும், சீட்டுப் பிடிப்பவரிடத்திலும், தவணைக்கு மிக்சி விற்பவரிடத்திலும் நாம் நீட்டுகிற நகலுக்கு அந்தப் பந்தம் கிடையாது; அது யார் கையில், எந்தக் காலத்தில், எந்தக் காரியத்துக்குப் பயன்படும் என்பதைக் கொடுத்தவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். வங்கி முகவர் கையிலுள்ள சிறு கருவியில் ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரல் ரேகையும் இருந்தால் போதும், கையெழுத்தோ இரகசிய எண்ணோ இல்லாமலே பணம் எடுத்துவிடலாம். முதலாவது நாம் கொடுத்த நகல்களோடு ஊர் சுற்றுகிறது; இரண்டாவதை ஊகிப்பதும் கடினமல்ல. மூன்றாவது எப்படிக் கிடைக்கும் என்றால், 2018-இல் தெலங்கானாவில் ஒருவன் பத்திரப் பதிவில் வைக்கப்பட்ட பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை போல வார்த்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைப் பதிவு செய்து பிடிபட்டான். பூட்டின் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். விரலை எங்கே போய் மாற்றுவது? கடுவெளிச் சித்தர் பாட்டுக்கு வெடித்துச் சிதறிய நம் கோயில் மகாலிங்கம் பின்பு கூடிற்று என்று சொல்கிறோம். கூடிய பின்பும் செப்புத் தகடு கட்டித்தானே நிறுத்தியிருக்கிறது!

நான் ஆதாருக்கே விரோதி என்று எவரும் எண்ணவேண்டாம். அரிசிக்கும், முதியோர் உதவித்தொகைக்கும், 2023 செப்டம்பர் முதல் வருகிற மகளிர் உரிமைத் தொகைக்கும் அந்த எண் வழியாயிருக்கிறது. நடுவில் நின்று உறிஞ்சுகிறவர்களை அது ஓரளவு ஒதுக்கியதும் மெய். எனினும் 2020 அக்டோபரில் நியாயவிலைக் கடைகளில் ரேகைக் கருவி வந்த பிறகு, கல் உடைத்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்துபோன கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, இந்த விரல் இல்லாவிட்டால் அந்த விரல் என்று நம் தாய்மார்கள் வரிசையில் நின்று வைத்துப் பார்க்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். உழைத்த உழைப்பே ஒருவரை அடையாளம் அற்றவராக்குவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

நம் தேசத்தின் உச்ச நீதிமன்றமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012-இல், தம் 86-ஆம் வயதில் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது பிரஜைகளின் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 26 அன்று, அரசு மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதாரை அனுமதித்த நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் தொலைபேசிக்கும் அதை நிர்ப்பந்திக்கலாகாது என்றது. 2019-இன் சட்டத்திருத்தமும், தாமே விரும்பிக் கொடுப்பவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் இடமளித்தது. ஆனால் கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் "விரும்பித்தான் தருகிறேனா?" என்று தம்மையே கேட்டுக்கொள்கிறவர் நம்மில் எத்தனை பேர்? 2022 மே மாத இறுதியில், கண்ட இடங்களில் நகல் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே ஓர் அறிக்கை விட்டது. அது தவறாகப் பொருள் கொள்ளப்படும் என்று இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது பிழை என்பதே என் அபிப்பிராயம்.

நான் வாழும் பிரான்சிலும் எல்லோருக்கும் ஓர் எண் உண்டு. அதன் முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும், அடுத்தவை பிறந்த ஆண்டையும் மாதத்தையும், அதற்கடுத்தவை பிறந்த இடத்தையும் சொல்லும். என் எண்ணின் நடுவே நிற்கும் 99, இவன் அந்நிய மண்ணில் பிறந்தவன் என்று படிப்போருக்கெல்லாம் அறிவிக்கிறது. ஆதார் எண் அவ்வாறு எதையும் தானாகச் சொல்வதில்லை என்பது அதன் மேன்மை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிறந்த இந்தப் பிரெஞ்சு எண்ணின் முதல் இலக்கத்தைக் கொண்டே, அன்று பிரான்சின் வசமிருந்த அல்ஜீரியாவில் யூதர் யார், முஸ்லிம் யார் என்று வகை பிரித்தார்கள். அந்த ஞாபகம் இங்குள்ளவர்களை விடவில்லை. 1974-இல் சர்க்கார் தன் இலாகாக்களின் பதிவேடுகளை எல்லாம் இந்த ஒரே எண்ணால் இணைக்கப் போகிறது என்று லெ மோந்த் பத்திரிகை வெளியிட்டபோது எழுந்த கொந்தளிப்பு, 1978 ஜனவரி 6-ஆம் நாள் தனிமனிதர் விவரங்களைக் காக்கும் ஒரு சட்டமாகவே முடிந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என் அடையாள அட்டையை வீட்டுக்காரர் கேட்கலாம். இந்த எண் பொறித்த மருத்துவ அட்டையைக் கேட்க அவருக்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. இ-சேவை மையத்திலோ வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலோ, முதல் எட்டு இலக்கம் மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் நகலை இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காரியங்களுக்கு அதுவே போதும். முழு நகல் கொடுத்தே தீரவேண்டுமானால் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதுங்கள். ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியில் இருக்கிறது. படித்த பிள்ளைகள் பாட்டி தாத்தாக்களுக்கு அதைச் செய்து கொடுத்து, ரேஷனுக்குப் போகும் நாளில் திறந்துவிட வேண்டும்.

மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும். ஜெராக்ஸ் கடைகளில் வீணாகும் ஆதார் நகல்களை அங்கேயே கிழித்துப் போடவேண்டும், மண்டபத்திலும் சீட்டிலும் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நம் ஊரார் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவார்களாக. அன்றைக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன். யாரேனும் ஒருவர் எழுந்து நின்று, அத்தையின் காதில் விழும்படி, இம்மடலை உரக்க வாசிக்க வேண்டுகிறேன்.