சிகரத்திலிருந்து ஒரு குரல்

கைபேசிக் காலத்தில் வானொலிக் கருவியைச் சுமந்து மலையேறுவது வீண் வேலை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2002 மார்ச் 2ஆம் நாள் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டத்தின் விதிகளை நோக்குக. கருவி, மின்கலம் யாவற்றையும் குழுவினரே சுமந்தேற வேண்டும். வாகனத்திலிருந்து பேசுதல் கூடாது. நான்கு தொடர்புகளேனும் கிட்டினாலன்றிப் புள்ளி இல்லை. தடையற்ற உச்சியில் சிறு கருவியின் குரலும் நெடுந்தொலைவு செல்லும்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானின் தொலைத்தொடர்பைத் துண்டித்தபோது, அன்றைய போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியரே செய்திகளைக் கொண்டு சேர்த்தனர். அத்திறன் ஆபத்து நாளில் கற்றதன்று. ஓய்வு நாள்களில் பழகியது. மாணவர்களே, உரிமத் தேர்வெழுதி இதனைப் பயில்வீர்! பெரியோர்கள் இதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்காது துணைநிற்க வேண்டுகிறோம்.