நின்றுகொண்டே வரவேற்பவர்கள்

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் நடந்து போனால் கடைக்கு ஒரு குரல் கேட்கும். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, எடுக்கணும்னு இல்ல, பார்த்துட்டுப் போங்க." பண்ருட்டி கடைத்தெருவிலும் இதே குரல்தான். சிதம்பரத்தில் நகைக்கடை வாசலில் பணிவு இன்னும் கொஞ்சம் கூடும். கை கூப்புவார்கள், கதவைத் திறந்து பிடிப்பார்கள், உட்கார்ந்ததும் குளிர்பானம் வரும். இந்த உபசாரத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் பெரும்பாலும் சலிப்பாகத்தான் வருகிறது. "நிம்மதியா ஒரு புடவையைப் பார்க்க விடறாங்களா? பின்னாலயே வர்றாங்க." சலிப்பு நியாயம்தான். ஆனால் அது பாவம், பின்னால் வரும் விற்பனைப் பெண்ணின் தலையில் போய் விழுகிறது. விழ வேண்டிய தலை வேறு.

திருவதிகைக்காரர்களுக்குக் கடைத்தெரு என்றால் பண்ருட்டிதான். அங்கேயும் திருப்பாதிரிப்புலியூரிலும் இருந்த பழைய ஜவுளிக்கடைகள் பலருக்கு நினைவிருக்கும். இடுப்பளவு மரமேடை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு மேடையில் ஏறி உட்கார வேண்டும். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பையன் அலமாரியிலிருந்து எடுத்துப் போடப்போட அவர் பிரித்துக் காட்டுவார். "பெரிய பொண்ணுக்கா, சின்னவளுக்கா?" என்று கேட்பார். கையில் காசு குறைந்தால் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். கொட்டை போட்டதும் கொடுத்தால் போதும். முந்திரி விளைச்சலைத்தான் இங்கே கொட்டை போடுவது என்பார்கள். அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. விலையில் ஏமாற்றும் இருந்தது, யாரை மேடையில் ஏற்றுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்ற சாதிக் கணக்கும் இருந்தது. ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன்: அந்த மேடையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாங்க என்று அழைத்தவர் கடைக்குச் சொந்தக்காரர்.

இப்போது அழைப்பவருக்கும் கடைக்கும் மாதச் சம்பளம் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. மாடி மாடியாக எழும்பிய கண்ணாடிக் கடைகளில் புடவைப் பிரிவில் நிற்கும் பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பாள், பிறகு மறு காலுக்கு மாற்றுவாள். மேசைக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், செருப்பைக் கழற்றி குதிகாலைத் தரையில் ஒற்றிக்கொள்வாள். பிரிவு மேற்பார்வையாளர் வருவது தெரிந்ததும் செருப்பு காலில் ஏறிவிடும், முகத்தில் சிரிப்பு வந்துவிடும். நாம் போய் நின்றதும் அவள் பின்தொடர்வது அவளுடைய சுபாவம் அல்ல. வாடிக்கையாளர் வெறுங்கையோடு இறங்கிப் போனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். எத்தனை உருப்படி தள்ளினாள் என்பதற்கு அன்றன்றைக்குக் கணக்கு உண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தபோது ரங்கநாதன் தெருவைப் பற்றிய படம் என்றுதான் பலரும் பார்த்தார்கள். அந்த வாழ்க்கை இன்று தாலுகா ஊர்கள் வரைக்கும் வந்துவிட்டது.

உட்காருவதற்காக இந்த நாட்டில் ஒரு போராட்டம் நடந்தது என்பதே பலருக்குத் தெரியாது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் அதைத் தொடங்கினார்கள். தையல் வேலை செய்துகொண்டிருந்த பி. விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். கடையில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நின்ற பெண்கள் அவர்கள். பிறகு நாற்காலி கேட்டார்கள். 'இரிக்கல் சமரம்' என்று மலையாளத்தில் அதற்குப் பேர். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்துத் தமிழ்நாட்டுக்கு அது வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன், நம் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி தொகுதிக்காரர். 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஏற்ற இருக்கை ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் இருக்க வேண்டும் என்கிறது அது.

சட்டம் வந்த பிறகு பல கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அதில் ஆள் உட்கார்ந்து பார்ப்பதுதான் அரிது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி நினைக்கிறார். உண்மையைச் சொன்னால் நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். "நாம வந்து நிக்கறோம், அவ உட்கார்ந்துகிட்டு இருக்கா" என்று கல்லாவில் போய்ச் சொல்கிறவர்கள் இருக்கும்வரை அந்த ஸ்டூலுக்கு வேலையில்லை. ஒரு புடவை எடுத்தவுடன், அடுத்ததைப் பிரிப்பதற்கு முன்னால், "நீ உட்காரும்மா, நான் பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று மேற்பார்வையாளர் காதில் விழுகிற மாதிரி நாம் சொல்லலாம். அவளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும், நமக்கும் நிம்மதியாகப் பார்க்கக் கிடைக்கும்.

வாசலில் ஆள் நிறுத்தி வரவேற்கும் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் அது 1980 வாக்கில் லூசியானா மாநிலத்தில் குரோலி என்ற சிற்றூர்க் கடையில் தொடங்கியது. அந்தக் கடையில் திருட்டு அதிகம். மேலாளர் ஒரு பெரியவரை வாசலில் நிறுத்தினார். வருகிறவருக்கு வணக்கம் சொன்ன அதே பெரியவர், போகிறவர் கையையும் பார்த்துக்கொண்டார். சாம் வால்டனுக்கு அது பிடித்துப்போய் எல்லாக் கடைக்கும் பரப்பினார். நம் ஊர்ப் பெரிய கடைகளில் நம் பின்னால் வருகிறவர்களுக்கும் இந்த இரண்டு வேலையும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளுத்த வேட்டி கட்டிய கிராமத்துப் பெரியவர் பின்னால் கொஞ்சம் நெருக்கமாகவே வருவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

திருவதிகையில் வரவேற்பு என்றதும் நினைவுக்கு வருபவர் திலகவதியார். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த தம்பி, தாங்க முடியாத சூலை நோயோடு இரவில் அக்காவைத் தேடி வந்தார். அந்தப் பாடலிபுத்திரத்தைத்தான் இன்று திருப்பாதிரிப்புலியூர் என்கிறோம். விட்டுவிட்டுப் போனாயே என்று அக்கா கணக்குப் பார்க்கவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப் போனார் என்கிறது பெரியபுராணம். வந்தவரிடம் எதையும் எதிர்பார்க்காத வரவேற்பைக் கடையில் தேடுவது தவறு, வியாபாரம் வியாபாரம்தான். ஜவுளிக்கடையில் எவ்வளவு வற்புறுத்தினாலும் துணி கண்முன்னால் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் இறங்கி வந்துவிடலாம். என் மனம் ஆறாதது வங்கியில்தான்.

எங்கள் தெருவில் முந்திரிக்கொட்டை உடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்நுனி கருத்துத் தோல் உரிந்து கிடக்கும். சீட்டுப் பணம் ஒரு லட்சம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று டெபாசிட் போட ஒரு வங்கிக்குப் போனார். கவுன்ட்டருக்குப் போகும் முன்பே டை கட்டிய ஒரு தம்பி எழுந்து வந்தார். "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். டெபாசிட்டைவிட நல்ல திட்டம், அஞ்சு வருஷம் கட்டினால் போதும் என்றார். கட்டினால் என்ற சொல்லை அக்கா ஒரு முறை கட்டுவது என்று எடுத்துக்கொண்டார். கைரேகை இயந்திரத்தில் அவர் விரல் விழவே இல்லை. செல்போனுக்கு வந்த ஓடிபியை வாங்கி வேலையை முடித்தார்கள். "கம்பெனியிலேருந்து போன் வரும்மா, என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்கள். போன் வந்தது, ஆமாம் சொன்னார்.

பாலிசி திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போனுக்கு வந்தது. அவன் படித்துவிட்டுப் பதறிப்போய் அச்செடுக்கச் சொன்னான். அந்தத் தாள்களோடு அக்கா என்னிடம் வந்தார். ஐந்து வருடமும் வருடத்துக்கு ஒரு லட்சம் கட்ட வேண்டும். தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்றும், ஆண்டு வருமானம் என்ற இடத்தில் ஆறு லட்சம் என்றும் இருந்தது. கூலிக்குக் கொட்டை உடைக்கிறவருக்கு ஆறு லட்சம் வருமானம்! இரண்டாம் வருடத் தவணை கட்டாவிட்டால் முதல் லட்சத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

நல்லவேளை, நாள் இருந்தது. ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதி இது. அதற்கு முன் பொதுவாக 15 நாள்தான். முத்திரைக் கட்டணம், அந்த நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இவை மட்டும் கழியும். கடிதத்தை எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். பணம் வந்தது. அவர்கள் இழுத்தடித்திருந்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வங்கிச் சேவை பற்றிய புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடிதத்தோடு போன அன்று அந்தத் தம்பி அக்காவைத் தனியே கூப்பிட்டு, "இந்த மாசம் டார்கெட் முடியலைன்னா எனக்கு வேலையே போயிடும்மா" என்று கண் கலங்கியிருக்கிறார். அக்கா கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தாராம். அந்தத் தம்பி வங்கி ஊழியரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து வங்கிக் கூடத்தில் உட்கார வைத்த ஆள். பல கிளைகளில் இப்படித்தான். நிரந்தர ஊழியர்களும் தப்பவில்லை; இன்றைக்கு எத்தனை பாலிசி என்று மேலிடத்திலிருந்து மாலையில் போன் வருகிறது. டெபாசிட் போட்டால் கிளைக்குக் கமிஷன் கிடையாது. பாலிசி விற்றால் முதல் வருடத் தவணையிலேயே நல்ல கமிஷன். காரணம் இவ்வளவு எளிது. 2022 முதல் ஒரு வங்கி ஆயுள், பொது, மருத்துவம் என ஒவ்வொரு வகையிலும் ஒன்பது நிறுவனங்கள் வரை கூட்டு வைத்துக்கொள்ளலாம். முன்பு அது மூன்றாக இருந்தது.

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் ஐந்து உரிமைகள் உண்டு. அதில் ஒன்று, அவரவர் நிலைமைக்குப் பொருந்துவதை மட்டுமே விற்க வேண்டும் என்பது. நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் மும்பையில் வங்கியாளர்கள் மாநாட்டில் காப்பீட்டைத் தவறாக விற்பதைக் கண்டித்தார். அதனால் கடன் வாங்குகிறவரின் செலவு மறைமுகமாக ஏறுகிறது என்றார். இவ்வளவு இருந்தும் லாக்கர் கேட்டால் பாலிசி, வீட்டுக் கடன் கேட்டால் பாலிசி. நெய்வேலியில் ஓய்வு பெறுகிறவர் கணக்கில் பிராவிடன்ட் ஃபண்டு விழுந்த வாரத்தில் மேலாளரே கைகுலுக்க வருகிறார். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது ஊரிலேயே வங்கிக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்து நாற்காலி போடுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாலுகா ஊர் மனிதர் கோயிலுக்கு அடுத்து நம்பிப் பணம் வைக்கும் இடம் அது. மாதாந்திர இலக்கு போடுகிற தலைமை அலுவலகங்கள், பாலிசி எண்ணிக்கையைக் கிளைகளின் தரமதிப்பீட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும். தனியார் ஆட்கள் வங்கிக் கூடத்தில் உட்கார்ந்தால், நான் வங்கி ஊழியர் இல்லை என்று தமிழில் பெரிய எழுத்தில் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும்.

பங்குனிக்குப் பிறகு அக்கா கையில் மறுபடி கொஞ்சம் பணம் சேர்ந்தது. அதே கிளைக்குத்தான் போனார். அவர் கணக்கு அங்கேதான் இருக்கிறது. பழைய தம்பி இல்லை. அவர் இடத்தில் இருந்த இளம்பெண் எழுந்து வந்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்றதும் அக்கா சொன்னாராம்: "நான் நின்னுக்கறேன்மா, நீ உட்காரு. டெபாசிட் ரசீதை மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லு, போதும்."