சனி மிதக்காது

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு அலுக்காத கேள்வி ஒன்று உண்டு: "தண்ணீரில் மிதக்கும் கோள் எது?" சனி என்று சொன்னால் மதிப்பெண். தொட்டியில் வளையத்தோடு மிதக்கும் சனியைப் படமாகவே போட்டுவிடுகிறார்கள். இதற்கு ஆதாரம் ஒரு சின்னக் கணக்கு. பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம்; தண்ணீர் 1; சனி 0.69. எண்களில் தவறில்லை. அவற்றை வைத்துச் சொல்லும் முடிவுதான் எந்தப் பக்கம் தட்டினாலும் உடைகிறது.

தொட்டியிலிருந்தே தொடங்கலாம். சனியின் நடுக்கோட்டு விட்டம் 1,20,536 கி.மீ. அதே நீளம், அகலம், ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் அந்தத் தண்ணீரின் நிறை மூன்று சனிகளுக்குச் சமம். வியாழனுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை தண்ணீர் ஒரு பாத்திரத்துக்குள் சும்மா கிடக்காது. தன் ஈர்ப்பிலேயே திரண்டு, உள்ளே நசுங்கிச் சூடேறி, அதுவே ஒரு கோளாகிவிடும். அதன் பக்கத்தில் சனியைக் கொண்டுபோனால் இரண்டும் மோதிக் கலந்துவிடும். ஹைட்ரஜனும் ஹீலியமும் மேலே தங்கும், பாறைச் சரக்கு உள்ளே இறங்கும். இதோ சனி என்று விரல் நீட்ட எதுவும் மிஞ்சாது. தொட்டிக்குக் 'கீழ்' என்பது எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை.

"இரும்புக் கப்பலும் சராசரியில்தானே மிதக்கிறது?" என்று மடக்குவார்கள். கப்பலுக்கு வெளிச்சுவர் இருக்கிறது; உள்ளே காற்றையும் வெளியே கடலையும் அது பிரித்து வைக்கிறது. சுவரில் ஓட்டை விழுந்தால் சராசரி காப்பாற்றாது. சனிக்கோ சுவரே கிடையாது. 2017 செப்டம்பர் 15 அன்று காசினி விண்கலம் அதற்குள் பாய்ந்தபோது நடந்ததைப் பாருங்கள். மணிக்கு ஒரு லட்சம் கி.மீ.க்கும் அதிகமான வேகம். அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்பியபடியே வைத்திருக்கச் சிற்றுந்திகள் முழு மூச்சில் இயங்கின. மேகங்களுக்கு மேலே சுமார் 1,500 கி.மீ. உயரத்தில், மெல்லிய காற்றின் தள்ளுமுள்ளுக்கே தாக்குப்பிடிக்காமல் கலம் புரண்டது, சமிக்ஞை நின்றது. முட்டி மோத ஒரு தரை வரவே இல்லை. மேலும் இறங்கியிருந்தால் வாயு கொஞ்சம் கொஞ்சமாகத் திரவமாகும். இன்னும் ஆழத்தில் ஹைட்ரஜனே உலோகம்போல மின்சாரம் கடத்தும். இங்கே வாயு முடிந்தது, இங்கே திரவம் தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது.

சராசரி மறைப்பது இந்த உள்ளமைப்பைத்தான். சனியின் உடல் மெல்ல அதிரும்போது அதன் ஈர்ப்பிலும் சிறு ஏற்ற இறக்கம் உண்டாகி, வளையத்தில் அலையாகப் பதிகிறது. காசினி அனுப்பிய அந்த அலைத் தடங்களை வைத்து வானியலாளர்கள் மாங்கோவிச், ஃபுல்லர் இருவரும் 2021இல் கோளின் உள்ளமைப்பைக் கணித்தார்கள். சனியின் கருப்பகுதி அதன் ஆரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வரை பரவியிருக்கிறது. அதில் பாறையும் பனியும் மட்டுமே சுமார் 17 பூமிகளின் நிறை. மையத்தின் அடர்த்தி தண்ணீரைப் போலப் பல மடங்கு. 0.69 என்பது அந்தக் கருவையும் மேலே மூடியிருக்கும் வாயுவையும் கூட்டி வகுத்த ஈவு, அவ்வளவுதான்.

நம் பூமியும் இதற்கு விலக்கில்லை. காலடியில் இருக்கும் கருங்கல்லின் அடர்த்தி 2.7 அளவில்தான். 1798இல் அறிவியலாளர் கேவண்டிஷ் பூமி முழுவதற்கும் கணக்கிட்டபோது தண்ணீரைப் போல ஏறக்குறைய ஐந்தரை மடங்கு வந்தது. அப்படியானால் ஆழத்தில் கனமான ஏதோ இருந்தாக வேண்டும். சராசரியை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க. சனியின் 0.69ம் அதில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும் என்பதைச் சொல்கிறது. அதைப் போய்த் தொட்டியில் போட்டு வீணடிக்கிறோம்.

அடுத்தது, 'மிதக்கும்' என்பதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் எண்ணம்: சனி பெரிதாக ஊதிய லேசான கோள். அதன் நிறை 95 பூமிகள். ஆனால் 95 மடங்கு என்றதும் அங்கே போனால் நசுங்கிவிடுவோம் என்று எதிர்ப்பக்கம் தாவவும் வேண்டாம். ஆரமும் சுமார் ஒன்பதரை மடங்கு என்பதால் ஈர்ப்பு நீர்த்துப்போகிறது. நம் கடல்மட்டக் காற்றழுத்தம் இருக்கும் உயரத்தில், இங்கே 60 கிலோ காட்டும் ஆள் சனியின் நடுக்கோட்டில் 55 கிலோதான் காட்டுவார், துருவத்தில் 74. பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று என்ற வேகம் செய்யும் வேலை அது. அந்தச் சுழற்சியால் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 11,800 கி.மீ. அதிகம், கிட்டத்தட்ட பூமியின் விட்டமே அவ்வளவுதான்.

எடை ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் தப்புவதும் அதே அளவு சுலபமா? இல்லை. பூமியை விட்டு விடுபட நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் போதும்; சனியிடமிருந்து விடுபட 35.5 வேண்டும். லேசான கோள் இப்படிப் பிடித்து வைக்காது.

மிதக்கும் பொருள் சனியில் வேண்டுமென்றால் வளையத்தில் தேடலாம். அதன் துண்டுகள் பெரும்பாலும் உறைந்த தண்ணீர்; உங்கள் தொட்டியில் தாராளமாக மிதக்கும். முதன்மை வளையங்கள் சுமார் 2.7 லட்சம் கி.மீ. அகலத்துக்குப் பரந்திருந்தாலும், எல்லாத் துண்டுகளையும் அள்ளிச் சேர்த்தால்கூட அண்டார்க்டிகாவின் பனிப்பாள நிறை தேறாது.